கணினித் தொகுதி நிர்வாகக் கருவிகள்

அதிவேக வலைப்பின்னலால் பிணைக்கப்பட்ட பல சர்வர்களையும், அவை அனைத்துக்கும் பொதுவான தரவுச் சேமிப்பகத்தையும் ஒரே யந்திரம்போல் இயக்கவும், கண்காணிக்கவும், பலருக்குப் பங்கிட்டளிக்கவும் உதவும் மென்பொருள்கள் கணினித் தொகுதி நிர்வாகக் கருவிகள் எனப்படும். காவிரி டெல்டாவின் தலைவாயிலில், தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் துவாக்குடியில் அமைந்துள்ள திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கும் பரம் பொருள் என்னும் மீக்கணினி, இக்கருவிகளின் பிரயோகத்துக்கு இப்பிரதேசத்தில் கிட்டும் சிறந்த உதாரணமாகும்.

வரலாறு: நாசாவின் காடர்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர் 1994-இல் சாதாரணக் கணினிகளை இணைத்து பியோவுல்ஃப் என்னும் தொகுதியை அமைத்துக் காட்டியபின், பெரும்பொருட்செலவில் ஆக்கப்பட்ட தனிப் பேரியந்திரங்களின் இடத்தை இத்தகைய தொகுதிகள் படிப்படியாகப் பெற்றன. இந்தியாவில் 1988-இல் தோன்றிய சி-டாக் ஸ்தாபனம் 1991-இல் பரம் 8000 என்னும் கணினியை வெளியிட்டது. 2015-இல் மத்திய அரசு 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அங்கீகரித்த தேசிய மீக்கணினி இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் ஆற்றலுடன், அதாவது 838 டெராஃப்ளாப் திறனுடன், பரம் பொருள் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

நிறுவுதல்: ஒரு தொகுதியின் கணுக்கள், அதாவது அதன் உறுப்பாகிய சர்வர்கள், யாவற்றிலும் இயங்குதளமும் நூலகங்களும் இம்மியும் வேறுபடாதிருத்தல் அவசியம்; ஏனெனில் ஒரே கணக்கைப் பல கணுக்கள் பகிர்ந்து செய்கையில், ஒன்றில் மட்டும் பதிப்பு மாறியிருந்தால் வேலை முழுவதுமே தடைப்படக்கூடும். ஐபிஎம் நிறுவனத்தில் 1999-இல் தோன்றிய எக்ஸ்கேட் என்னும் கருவி, தலைமைக் கணுவில் வைத்த ஒரே மாதிரியை வலைவழியே எல்லாக் கணுக்களுக்கும் அனுப்பி நிறுவுவதோடு, மின்னோட்டத்தை நிறுத்தவும் மீண்டும் கொடுக்கவும் தொலைவிலிருந்தே வகை செய்கிறது.

பணிப்பங்கீடு: லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான ஸ்லர்ம் என்னும் கருவி, பயனாளர் கேட்கும் கணுக்களின் எண்ணிக்கை, நினைவகம், கால அளவு ஆகியவற்றை நோக்கி, அவர் வேலையை வரிசையில் நிறுத்தி, இடம் கிடைத்ததும் இயக்குகிறது. மேட்டூர் அணையில் நீர் குறைந்த காலத்தில் கடைமடை வயல் காயாதவாறு முறைவைத்துப் பாசனம் செய்வதைப்போல, அதிகம் பயன்படுத்தியவரைச் சற்றுப் பின்னிறுத்தி, குறைவாகப் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை அளிக்கும் நியாயப் பங்கீட்டு முறையும் இதில் உண்டு. பழுதுபார்க்க வேண்டிய கணுவை ‘டிரெயின்’ நிலையில் வைத்தால், நடக்கும் வேலை முடியும்வரை அது இயங்கும்; ஆனால் புதிய வேலையை ஏற்காது.

சேமிப்பகம்: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் 1999-இல் ஆய்வாகத் தொடங்கிய லஸ்டர் கோப்பமைப்பு, ஒரு பெரிய கோப்பைத் துண்டுகளாக்கிப் பல சேமிப்பு சர்வர்களில் பரப்பி வைக்கிறது; கோப்பின் பெயர், உரிமை, துண்டுகளின் இருப்பிடம் முதலிய விவரங்களை விவர சர்வர் தனியே பராமரிக்கிறது. இதனால் பல கணுக்கள் ஒரே சமயத்தில் படிக்கவும் எழுதவும் இயலுகிறது. ஆயினும் லட்சக்கணக்கான சிறு கோப்புகள் குவிந்தால் விவர சர்வரின் பாரம் மிகுந்து தொகுதி முழுவதும் தளர்வுறுமாதலின், ஒவ்வொருவருக்கும் இட அளவையும் கோப்பு எண்ணிக்கையையும் வரையறுத்தல் நிர்வாகியின் பிரதான கடமையாகும்.

கண்காணிப்பு: பெர்க்கிலியில் பிறந்த கேங்லியா என்னும் கருவி, கணுக்களின் பாரத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் வரைபடங்களாக்குகிறது; நேகியாஸ் என்னும் கருவி பழுது நேர்ந்தவுடன் எச்சரிக்கிறது. பல தொகுதிகளை ஒரே திரையில் காட்டும் சி-சக்ஷு என்னும் கருவியைச் சி-டாக்கே ஆக்கியுள்ளது.

முக்கியத்துவம்: வானிலை, விவசாயம், சுகாதாரம் முதலிய துறைகளின் ஆராய்ச்சிக்கென அமைந்த இத்தகைய யந்திரத்தின் பயன், அதன் வேகத்தைக் காட்டிலும் அதனைப் பரிபாலிப்போரின் திறமையையே பெரிதும் பற்றியுள்ளது. புயலையும் பருவமழையையும் நம்பியும் அஞ்சியும் வாழும் நெல்விளை பூமிக்கு, வானிலைக் கணக்கொன்று உரிய காலத்தில் முடிவது அற்பமான விஷயமன்று. எக்ஸ்கேட், ஸ்லர்ம், லஸ்டர் ஆகியவற்றின் மூலநிரல் எவரும் கற்கும்படி திறந்து கிடப்பதால், நான்கைந்து பழைய கணினிகளே உள்ள கல்லூரியிலும் இவ்வித்தையின் அடிப்படைகளைப் பயிலலாம். டெல்டாப் பகுதிக் கல்லூரிகள் இதனைப் பாடமாக ஏற்று மாணாக்கரைப் பழக்குதல் காலத்தின் தேவையாகும்.