வங்கிக் கணக்கு இல்லாத குடும்பங்கள்: இந்தியா

வீட்டில் எவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இல்லாத குடும்பங்களைப் பற்றியது இக்கட்டுரை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வங்கிச் சேவையைப் பயன்படுத்துவதாகச் சொன்ன இந்தியக் குடும்பங்கள் 35.5 விழுக்காடுதான், கிராமப்புறத்தில் 30.1 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான விகிதம் 58.7 ஆனது. உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வு குடும்பங்களை விட்டுவிட்டு, 15 வயது நிரம்பிய தனியாட்களை எண்ணுகிறது. அதன்படி கணக்கு வைத்திருந்த இந்தியர்கள் 2011-இல் 35 விழுக்காடு, 2017-இல் 80, 2024-இல் 89. உலகம் முழுவதும் கணக்கு இல்லாத பெரியவர்கள் 2011-இல் ஏறத்தாழ 250 கோடி. அண்மைக் கணக்கில் 130 கோடி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வளரும் நாட்டினர்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அரசு காலத்துக்குக் காலம் வெவ்வேறானவற்றை எண்ணியது. 1950-களில் கடனை எண்ணினார்கள், 1970-களில் கிளைகளை எண்ணினார்கள், 2005-க்குப் பிறகு கணக்குகளை எண்ணினார்கள். ஏழைக் குடும்பம் தேடியவை எப்போதும் இரண்டுதான்: சிறுகச் சிறுகச் சேரும் காசு பத்திரமாக இருக்க ஓர் இடம், அவசரத்துக்குக் கைக்கு எட்டும் கடன். ஒவ்வொரு காலத் திட்டத்தையும் இவ்விரண்டும் கிடைத்தனவா என்பதை வைத்தே எடைபோட முடியும்.

கணக்கு இல்லாத வீட்டில் காசு

வைப்பதற்குக் காசு இல்லாததால்தான் ஏழைகளுக்குக் கணக்கு இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அது தவறு. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை மாதக்கணக்கில் தொடர்ந்து குறித்த ஆய்வு 2009-இல் நூலாக வந்தது. சேமிப்பு, கடன், சீட்டு, கைமாற்று முதலிய வழிகளில் நான்குக்குக் குறைவாகப் பயன்படுத்திய குடும்பம் ஒன்றுகூட அதில் இல்லை. வருமானம் குறைவு என்பதோடு, அது ஒழுங்காக வருவதும் இல்லை. ஒரு வாரம் வேலை, மறுவாரம் சும்மா. அதனால் வசதியானவர்களைவிட ஏழைகள்தான் காசை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கான வழிகள் எல்லோரும் அறிந்தவை. சுருக்குப் பை, அரிசிப் பானை, குலுக்கல் சீட்டு, ஏலச் சீட்டு, தேவைப்பட்டால் விற்க ஓர் ஆடு, அடகுக்குப் போகக் காத்திருக்கும் தோடு. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தும் இந்த வரிசையில் வருவதுதான். ஊருக்குச் செய்த மொய் ஒரே நாளில் மொத்தமாகத் திரும்பி வரும். கிணறோ கடையோ கல்யாணமோ அதில் நடக்கும்.

பத்திரமான இடத்துக்கு ஏழைகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு விஜயவாடா சேரி ஒன்றிலிருந்து ஆய்வாளர் ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு பதிவு செய்த கணக்கு நல்ல சான்று. பணம் வசூலிக்கும் ஒரு பெண் வீடு வீடாக வருவார். ஒவ்வொரு வீட்டிலும் 220 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை இருக்கும். நாளொன்றுக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் குறி போடுவார். கட்டங்கள் நிரம்பும்போது சேர்ந்திருப்பது 1,100 ரூபாய். அவர் திருப்பித் தருவது 1,000. மீதி 100 அவருடைய கூலி. சேமித்தவருக்கு வட்டி வரவில்லை. சேமிப்பதற்கே அவர்தான் காசு கொடுத்தார். பள்ளிக் கட்டணம் கட்ட மொத்தமாக 1,000 ரூபாய் கைக்கு வந்தது என்பதே அந்தத் தாய்மாருக்குப் பெரிதாக இருந்தது. வாசலுக்கே வந்து 5 ரூபாயை வாங்கிக்கொள்ள முன்வந்த வங்கிகள் அரிது.

கடன் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. தண்டல்காரர் 10,000 ரூபாய்க்கு எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

தொடக்க கால வங்கிகள்

கல்கத்தாவில் 1806-இல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் வங்காள வங்கி என்று பெயர் பெற்றதும், 1840-இல் வந்த பம்பாய் வங்கியும், 1843-இல் வந்த சென்னை வங்கியும் அரசுக்கும் பெருவணிகர்களுக்கும் உரியவை. சாதாரணக் குடும்பத்துக்குத் திறந்த முதல் பெரிய கதவு அஞ்சலகச் சேமிப்பு வங்கி. 1882-இல் நாட்டின் பல பகுதிகளில் வந்த அது, கிளைகளின் எண்ணிக்கையில் வங்கிகளை நெடுங்காலம் விஞ்சி நின்றது. ஆனால் அஞ்சலகம் பணத்தை வாங்கி வைத்ததே ஒழியக் கடன் தரவில்லை.

கடனுக்கான வழியைத் தேடச் சொல்லிச் சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895-இலும் 1897-இலும் வெளிவந்த அவருடைய அறிக்கை, ஜெர்மனியில் ரைஃபைசன் வளர்த்த கிராமக் கடன் சங்கங்களை இங்கும் உருவாக்கச் சொன்னது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் பிறந்தது. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகி ஏராளமானோர் சேமிப்பைப் பறிகொடுத்தனர். அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் தொடங்கிய இந்தியன் வங்கி.

கடனை எண்ணிய காலம்

விடுதலைக்குப் பின் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு (1951-52) நாட்டை அதிர வைத்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு 0.9 விழுக்காடு. ஐம்பது ஆண்டு வளர்ந்த கூட்டுறவின் பங்கு 3.1, அரசின் பங்கு 3.3. தொழில்முறை வட்டிக்காரர்கள் 44.8 விழுக்காட்டையும், விவசாயம் செய்துகொண்டே வட்டிக்கு விட்டவர்கள் 24.9 விழுக்காட்டையும் தந்திருந்தார்கள். கோர்வாலா தலைமையிலான குழு 1954-இல் இந்த முடிவுகளை வெளியிட்டது. 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாக மாறியதற்கு இதுவே நேரடிக் காரணம்.

கிளைகளை எண்ணிய காலம்

1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அப்போது நாட்டில் இருந்த கிளைகள் 8,262. அவற்றில் கிராமங்களில் இருந்தவை 22 விழுக்காடு. சராசரியாக 64,000 பேருக்கு ஒரு கிளை. ஏற்கெனவே கிளை உள்ள ஊரில் புதிதாக ஒன்று திறக்க வேண்டுமானால், கிளையே இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்று 1977-இல் விதி வந்தது. 1990-இல் கிளைகள் 60,000-ஐ நெருங்கின. 14,000 பேருக்கு ஒன்று என்றானது. 1975-இல் வட்டார கிராம வங்கிகளும், 1980-இல் மேலும் ஆறு வங்கிகளின் நாட்டுடைமையும் இதற்கு வலுச் சேர்த்தன. கிராமக் குடும்பங்களின் கடனில் வங்கி, கூட்டுறவு முதலிய முறைசார் நிறுவனங்களின் பங்கு 1971-இல் சுமார் 29 விழுக்காடு, 1981-இல் 61. வட்டிக்காரரின் பிடி அந்தப் பத்தாண்டில் வேகமாகத் தளர்ந்தது. வாராக்கடன், அரசியல் தலையீடு என்று அக்காலத்தின் மேல் சொல்லப்படும் குறைகள் உண்மையே. ஆனால் 1990-இல் அந்த நான்குக்கு ஒன்று விதியைக் கைவிட்ட பிறகு கிராமக் கிளைகள் பெருகுவது நின்றது, 2002-இல் முறைசார் கடனின் பங்கு 57-க்கு இறங்கியது என்பதையும் சேர்த்தே அக்காலத்தை மதிப்பிட வேண்டும்.

ஊருக்குக் கிளை வந்தும் எல்லா வீட்டுக்கும் கணக்கு வரவில்லை. கணக்குத் தொடங்க ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. காலனியில் யாருக்கும் கணக்கு இல்லாதபோது அங்கிருந்து போகிறவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்? சலான் எழுதத் தெரியாதவர் இன்னொருவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. மினிமம் பேலன்ஸ் வைக்க வேண்டியிருந்தது. வங்கி திறந்திருக்கும் நேரமே கூலி வேலைக்குப் போகும் நேரம். 100 ரூபாய் போடப் போனால் அரை நாள் கூலி போகும்.

பெண்கள் திறந்த வழி

இத்தடைகள் பெண்களை இருமடங்கு அழுத்தின. அவற்றை முதலில் உடைத்தவர்களும் பெண்களே. அகமதாபாத்தில் சேவா சங்கத்தைச் சேர்ந்த 4,000 பெண்கள், காய்கறி விற்பவர்களும் தலைச்சுமை தூக்குபவர்களும் பழந்துணி வியாபாரிகளும், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு 1974-இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று தயங்கிய அதிகாரிகளுக்காக, நிறுவன உறுப்பினர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பழகிய கதையைச் சேவாவின் நிறுவனர் இலா பட் பலமுறை சொல்லியிருக்கிறார். கைநாட்டு வைப்பவரைக் கையெழுத்தால் அடையாளம் காண முடியாது என்பதால் புகைப்படத்தைக் கொண்டு அடையாளம் கண்டார்கள்.

தெற்கே, மைராடா அமைப்பு கர்நாடகத்தில் வளர்த்த சிறு குழுக்களும், 1989-இல் தருமபுரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மகளிர் திட்டமும் சுய உதவிக் குழுக்களுக்கு வழிகோலின. 1992-இல் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்த்தது. தனியாளாகப் போனபோது வாசலிலேயே நின்ற பெண், குழுவின் தலைவியாகத் தீர்மான நோட்டோடு மேலாளர் முன்னால் உட்கார்ந்தாள். குழுவின் பெயரில் ஒரே கணக்கு, அதற்குள் பலருடைய சேமிப்பு, பலருக்கும் கடன். ஏழைக் குடும்பம் தேடிய இரண்டையும் இந்த ஏற்பாடு ஒருசேரக் கொடுத்தது.

கணக்குகளை எண்ணிய காலம்

2005 நவம்பரில், ஒய்.வி. ரெட்டி ஆளுநராக இருந்தபோது, குறைந்த இருப்பு வேண்டாத எளிய கணக்குகளைத் தொடங்கும்படி ரிசர்வ் வங்கி பணித்தது. புதுச்சேரியில் இந்தியன் வங்கி நடத்திய முன்னோடித் திட்டத்தில் மங்கலம் கிராமம், எல்லாக் குடும்பங்களும் வங்கிச் சேவை பெற்ற நாட்டின் முதல் ஊர் என அறிவிக்கப்பட்டது. 2006 ஜனவரியில், கிளைக்கு வெளியே முகவர் வழியாக வங்கிச் சேவை தரும் முறைக்கு அனுமதி கிடைத்தது. மாவட்டம் மாவட்டமாக ‘நூறு விழுக்காடு’ அறிவிப்புகள் தொடர்ந்தன. அப்படி அறிவிக்கப்பட்ட கடலூர் மாவட்டத்தில் 2008-இல் நடந்த ஆய்வில், பெரும்பாலான எளிய கணக்குகளில் போடுவதோ எடுப்பதோ நடக்கவில்லை என்று தெரிந்தது. இலக்கை எட்டக் கணக்குத் திறந்தார்கள். பாஸ்புக்கைக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாகக் கருதினார்கள். இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. உகாண்டா, மலாவி, சிலி நாடுகளில் இலவசமாகக் கணக்குத் திறந்து கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது, ஐந்து முறையாவது பணம் போட்டவர்கள் முறையே 17, 10, 3 விழுக்காட்டினர். கென்யா வேறு பாதையில் போனது. அங்கே 2007 மார்ச்சில் வந்த கைபேசிப் பணச் சேவையான எம்-பெசா, பெட்டிக்கடையையே பணம் போடவும் எடுக்கவும் உரிய இடமாக்கியது. நகரத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் தேவை ஏற்கெனவே இருந்ததால் அது வேரூன்றியது.

2014 ஆகஸ்டு 28 அன்று பிரதமர் ஜன் தன் திட்டம் தொடங்கிய நாளிலேயே ஒன்றரைக் கோடி கணக்குகள் திறக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் எண்ணிக்கை 50 கோடியைத் தாண்டியது. பாதிக்கு மேல் பெண்களுடையவை. ஆதார் அடையாளம் அறிமுகக் கையெழுத்தின் இடத்தைப் பிடித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கணக்கு வைத்திருப்பதில் இருந்த 20 புள்ளி இடைவெளி 2017-இல் 6 ஆகச் சுருங்கியது. இது பெரிய சாதனை. குறைத்துச் சொல்ல இடமில்லை. அதே 2017-இல் கணக்குகளில் 48 விழுக்காடு ஓராண்டாக அசையாமல் கிடந்தன என்பதும், திட்டம் வாக்களித்த மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) கடன் மிகச் சிலருக்கே கிடைத்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

இடையில் 2016 நவம்பர் 8 அன்று, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாது என அறிவிக்கப்பட்டது. கணக்கு இல்லாத வீடுகள் அடுத்தவர் கணக்கை நம்பி நிற்க நேர்ந்தது. குடிக்கும் கணவனுக்குத் தெரியாமல் மனைவி ஒளித்து வைத்திருந்த நோட்டுகள் வெளியே வந்தன. அந்தச் சேமிப்புகளில் பல, அத்தோடு அவளுடையவையாக இல்லாமல் போயின.

அரசுப் பணம் வரும் கணக்கு

நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, எரிவாயு மானியம் எல்லாம் கணக்குக்கே வரத் தொடங்கியதும் கணக்கு இல்லாமை புதுப்பொருள் பெற்றது. முன்பு அது வசதிக்குறைவு. இப்போது உரிமை இழப்பு. 2020 ஏப்ரல் முதல் மூன்று மாதம், ஏறத்தாழ 20 கோடிப் பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் செலுத்தப்பட்டது. கூட்டத்தைத் தவிர்க்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள்: 0, 1 என்று முடிந்தால் முதல் நாள், 2, 3 என்றால் மறுநாள். தன் எண் எதில் முடிகிறது என்று பார்க்கத் தெரியாதவர்களுக்கு இதுவும் ஒரு தடை. ஏழைப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்தக் கணக்கே இல்லை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியபோது, குறைந்த இருப்பு இல்லை என்று சில வங்கிகள் முதல் தவணையிலேயே பிடித்தம் செய்தன. அரசு தலையிட வேண்டியிருந்தது. முகவரின் கருவியில் கைரேகை விழாமல் திரும்புவோரும் உண்டு. செங்கல் சூளையிலும் நடவு வயலிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். 

ஜன் தன் காலத்தில் திறந்த கணக்குகளுக்குப் பத்தாண்டு நிறைந்ததால் வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. புதுப்பிக்காத கணக்கில் பரிவர்த்தனை நின்றுபோகலாம். இதற்காக 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊராட்சிகள்தோறும் வங்கிகள் முகாம் நடத்தின. 1969-க்குப் பிறகு கிளை கிராமத்துக்குப் போனதுபோல, இம்முறை ஊழியர்களே மேசை நாற்காலியோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள்.