‘ஃபுல் இன்சூரன்ஸ்’ல இல்லாத ஒரு வரி

2018 மார்ச்சில் மாமாவின் த்ரீவீல் எரிந்தபோது அவரிடம் ரெண்டு கடதாசி இருந்தது. ஒன்று காப்புறுதிப் பத்திரம், மற்றது பார்க் சங்கத்தின் சந்தாப் புத்தகம். “ரெண்டும் கையில இருக்குதானே, பாத்துக்கலாம்” என்று அன்றிரவு அத்தைக்கு ஆறுதல் சொன்னாராம். ரெண்டுமே கைகொடுக்கவில்லை.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகிற வீதியில் ஒரு சின்ன டவுன்தான் மாமாவின் பார்க். வண்டி அந்தக் கிழமை திகனைப் பக்கம் ஒரு கராஜில் வேலைக்கு நின்றது. கராஜ்காரர் முஸ்லிம். மாமா அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி இறந்துபோனார். தாக்கியதாகக் கைதானவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். அடுத்த சில நாட்களில் திகன, தெல்தெனிய, மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. மறுநாள் ஃபேஸ்புக், வட்ஸ்அப்பெல்லாம் நின்றுபோனது. நானாவின் கராஜ் எரிந்தபோது, உள்ளே நின்ற மாமாவின் வண்டியிலும் ஹூட், சீட், வயரிங் எல்லாம் போய்விட்டது.

கிளெய்ம் கேட்டுப் போனவரிடம் காப்புறுதி அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி: “எஸ்.ஆர்.சி.சி. போட்டிருக்கீங்களா?”

மாமாவுக்கு விளங்கவில்லை. லீசிங்கில் எடுத்த வண்டி என்பதால் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ கட்டாயம் என்று சொல்லித்தான் போட வைத்தார்கள். ஃபுல் என்றால் எல்லாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வேலைநிறுத்தம், கலகம், மக்கள் குழப்பம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் எஸ்.ஆர்.சி.சி. பயங்கரவாதம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி. விருப்பமிருந்தால் மேலதிகமாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டியவை இவை. மாமாவின் பத்திரத்தில் அந்த வரிக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது.

அந்தக் கோடு ஏன் வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. கலவரத்தில் ஒருவருடைய பொருள் எரிந்தால் அதற்கு யார் காசு கொடுப்பது? நூறு வருசத்துக்கு மேலாக இந்த நாட்டில் கேட்கப்படுகிற கேள்வி இது. அதற்கான முதல் பதில்கூட கண்டியில் தொடங்கிய ஒரு கலவரத்துக்குப் பிறகுதான் எழுதப்பட்டது.

1915: ஊரே கட்டட்டும்

கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா என்ற பிரச்சினை நீதிமன்றம் வரை போயிருந்தது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1915இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த வருச வெசாக் இரவில், மே 28ஆம் திகதி, கண்டி டவுனில் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மோதல் வெடித்தது. அடுத்த நாட்களில் அது கொழும்புக்கும் தென்பகுதிக்கும் பரவியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்திருந்த முஸ்லிம்கள்தான் முக்கிய இலக்கு.

ஜூன் 2ஆம் திகதி ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டது. சுட்டுக்கொன்றது, சிறையில் அடைத்தது எல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியதும் வரும். முஸ்லிம்கள் அதை எப்படிப் பார்த்தார்கள், தங்களைக் கைவிட்ட தமிழ்த் தலைவராக அவரை ஏன் இன்றும் நினைக்கிறார்கள் என்பதை நம் பாடங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது நட்டஈட்டுக் கதை.

அந்த வருசமே கலவரச் சேதங்களுக்கென்று ஒரு கட்டளைச்சட்டம் கொண்டுவரப்பட்டது. விசேட ஆணையாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டார்கள். அந்தத் தொகை அந்தந்தப் பகுதிச் சிங்கள மக்களிடம் அறவிடப்பட்டது. கடையை உடைத்தவனும் கட்டினான், அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவனும் கட்டினான்.

அதே ஆங்கிலேயர் தங்கள் சொந்த நாட்டில் என்ன செய்திருந்தார்கள்? 1886இல் லண்டனில் வேலையில்லாதவர்களின் ஊர்வலம் ஒன்று கலவரமாகி கடைகள் உடைக்கப்பட்டன. அதே வருசம் வந்த சட்டப்படி நட்டஈடு பொலிஸ் வரியிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். கலவரத்தைத் தடுப்பது பொலிசின் கடமை, தடுக்கத் தவறினால் அந்தக் கணக்கிலிருந்தே காசு வரட்டும் என்பது அதன் நியாயம். (அந்தச் சட்டத்துக்குள் வாகனங்கள் வருவதற்கு 2016இல் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) இங்கே வரும்போது ‘பொலிஸ் தவறியது’ என்பது போய், ‘இந்த இனத்தவர் கட்டட்டும்’ என்றானது. பாதிக்கப்பட்ட வியாபாரிக்குக் காசு கிடைத்திருக்கலாம். ஆனால் மறுபடி கடை திறந்தபோது, தண்டம் கட்டிய கோபத்தோடு இருந்த அயலவர் மத்தியில்தான் அவர் திறந்தார்.

1983: அரசு பார்த்துக்கொள்ளும்

அதற்குப் பிறகு 1958, 1977, 1981. மலையகத் தமிழர் வீடுகளில் 77 என்று சொன்னாலே போதும், விளக்கம் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் தொடங்கிய வன்முறை 26ஆம் திகதி கண்டிக்கும் வந்தது. டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன.

அப்போது காப்புறுதி முழுக்க அரசின் கையில். 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்ட பிறகு, படிப்படியாக அந்தத் தொழில் தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. 83க்குப் பிறகு அவசரகால விதிகள் வந்தன. சேதமான சொத்துகள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. அவற்றைப் புனரமைக்க ‘றெப்பியா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதிகார சபை அமைக்கப்பட்டது. எரிந்த கடையை மற்றவர்கள் மலிவாக வாங்கிப்போடாமல் தடுக்கத்தான் இது என்றார்கள். ஆனால் சொந்தக் கடைக்குள் போக அரசிடம் மனுப் போட வேண்டிய நிலையில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? காப்பாற்ற வராத அரசு, எரிந்த பிறகு வந்து சாவியை வாங்கிக்கொண்டது என்றுதானே தோன்றியிருக்கும்.

1987: நீயே கட்டு

இங்கேதான் மாமாவின் கடதாசியில் இருந்த அந்த வரி பிறக்கிறது.

காப்புறுதி நிறுவனமும் தன்னைக் காப்புறுதி செய்துகொள்ளும். அதற்குப் பெயர் மறுகாப்புறுதி. பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள்தான் செய்யும். 83 நடந்து, யுத்தமும் தொடங்கிய பிறகு, இலங்கையின் கலவர ஆபத்தைச் சுமக்க அவை பின்வாங்கின. அதனால் 1987இல் அரசாங்கம் ஒரு நிதியத்தை உருவாக்கியது. வேலைநிறுத்தம், கலகம், மக்கள் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான நிதியம். காப்புறுதி நிறுவனங்கள் அதற்கு முகவர் மாதிரி. உங்களிடம் அந்த மேலதிகக் கட்டணத்தை வாங்கி நிதியத்துக்கு அனுப்பும். இன்று அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது.

யோசனையாகப் பார்த்தால் நல்லதுதான். நாடு முழுக்க எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, எரிந்தவருக்குக் கொடுப்பது. எங்கள் லயங்களில் நடக்கிற மரண சகாய நிதியும் இதைத்தான் செய்கிறது. ஆனால் மரண சகாயத்தில் சேராத வீடு லயத்தில் அனேகமாக இருக்காது. இதில் சேருவது ‘விருப்பம்’. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே விரும்புவதற்கு?

வீதிச் சட்டம் இதைவிடத் தெளிவானது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. நீங்கள் இடித்த மனிதருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக அது கட்டாயம். உங்களால் அடுத்தவருக்கு வரும் ஆபத்தைச் சட்டம் கவனித்துக்கொண்டது. கூட்டமாக வந்து உங்களுக்குச் செய்யும் ஆபத்து, பத்திரத்தின் கீழ்ப் பகுதியில் ஒரு மேலதிக வரியாக நின்றுபோனது.

1915இல் ஊர் கட்டியது. 1983இல் அரசு பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. 1987க்குப் பிறகு, எரியப்போகிறவரே முன்கூட்டி யோசித்துக் கட்ட வேண்டியதாயிற்று. திகனைக்குப் பிறகும் அரசு நட்டஈடு என்ற ஏற்பாடு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2018இலேயே இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதில்தான் கதையே இருக்கிறது. 2022 மே 9 வன்முறையில் சொத்து இழந்த 43 முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்ட நட்டஈட்டுப் பட்டியலை அரசாங்கம் 2025இல் பாராளுமன்றத்தில் வெளியிட்டது. மொத்தம் 120 கோடி ரூபாவுக்கு மேல். செய்தியைப் பார்த்துவிட்டு மாமா ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஹயர் ஓடப் போய்விட்டார்.

சங்கம் என்ன செய்தது?

அடுத்த கடதாசிக்கு வருவோம். த்ரீவீல் வாங்கினால் மட்டும் தொழில் செய்ய முடியாது, பார்க்கில் இடம் வேண்டும். உள்ளே வர ஒரு தொகை, பிறகு மாதச் சந்தா. வரிசையில் உங்கள் முறை எப்போது, வெளி வண்டி ஏற்றினால் என்ன செய்வது என்றெல்லாம் சங்கம்தான் தீர்மானிக்கும். விபத்து நடந்தால், செத்த வீடு என்றால் கைகொடுக்கவும் அதில் காசு இருக்கும். மாமா நுழைவுக் காசைத் தவணையில் கட்டித்தான் உள்ளே போனார். அந்தப் பார்க்கில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூன்று பேரும் இருந்தார்கள்.

கூட்டத்தில் சொன்ன பதில் இது: நிதி விபத்துக்கும் மரணத்துக்கும்தான், கலவரத்துக்குக் கொடுக்க விதியில்லை. அதோடு உனக்கு ரெண்டு மாசச் சந்தா பாக்கி. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. முஸ்லிம் அங்கத்தவர்கள் அந்தக் கிழமை பார்க்குக்கே வரவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், ஏன் கொடுத்தோம் என்றும் கதைக்க வேண்டி வரும். கதைக்கப் பயந்தார்கள் என்றுதான் மாமா சொல்கிறார்.

கண்டிக்குச் சங்கம் புதிதில்லை. தோட்டத்துரைமாரின் இலங்கைப் பெருந்தோட்டக்காரர் சங்கம் 1854இல் கண்டியில்தான் ஆரம்பமானது. அரசாங்கத்தின் கதவைத் தட்டி வேலையை முடிக்கிற பலம் அதற்கு இருந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு வேகமாகக் கொண்டுபோக ரயில் வேண்டும் என்று கேட்டார்கள், 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதுவரை கடுகண்ணாவை ஏற்றத்தில் கோப்பி மூட்டை இழுத்த மாட்டுக்கரத்தைக்காரருக்குப் போன பிழைப்புக்காகப் பேச அப்படி ஒரு சங்கம் இருக்கவில்லை. தோட்டத்துக்குக் கால்நடையாக வந்து வழியிலேயே செத்த எங்கள் முப்பாட்டன்மாருக்கும் இருக்கவில்லை.

அதனால் பார்க் சங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கஷ்டப்பட்டுத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். 2022இல் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலில் த்ரீவீல் ஓட்டியபோது, ஹயர்களைப் பகிர்ந்து ஒருவரையொருவர் பிழைக்க வைத்ததும் இதே பார்க்தான். எரிபொருள் இல்லாதபோது ‘நாங்கள்’ என்பதற்குள் எல்லோரும் இருந்தார்கள். 2018 மார்ச்சில் அந்த ‘நாங்கள்’ சுருங்கிவிட்டது. சங்கமும் காப்புறுதியும் அடிப்படையில் ஒரே வாக்குறுதிதான்: ஒருவருக்கு இழப்பு வந்தால் எல்லோரும் சுமப்போம். அந்த ‘எல்லோரும்’ யார் என்பதை அமைதியான நாளிலேயே எழுதி வைக்காவிட்டால், கலவர நாளில் அதைத் தீர்மானிப்பது பயம்தான்.

மாமாவின் வண்டியைத் திருத்தியது கடைசியில் நானாதான். தன் கராஜே எரிந்து கிடக்க, தகரம் அடித்து ஒரு மூலையை மறைத்துக்கொண்டு, கூலி வாங்காமல் வயரிங்கை இழுத்துக் கொடுத்தார். ஹூட்டுக்கும் சீட்டுக்கும் மாமா அத்தையின் சங்கிலியை அடகு வைத்தார். வண்டி ஓடாத மாதங்களுக்கும் லீசிங் தவணை நிற்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வருசமும் காப்புறுதி புதுப்பிக்கும்போது மாமா அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார். பார்க் விதிகளிலும் ‘விபத்து, மரணம்’ என்பதோடு ‘கலவரச் சேதம்’ என்று சேர்க்கக் கேட்டு ரெண்டு கூட்டத்தில் எழும்பிப் பேசியிருக்கிறார். மூன்றாவது கூட்டத்தில் ஒரு சிங்களச் சாரதியும் அவரோடு எழும்பினாராம். இன்னும் சேர்க்கவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் மறுபடியும் கேட்பாராம்.

வீட்டில் வண்டி இருந்தால், அது பைக்காக இருந்தாலும் சரி, இன்றைக்கே அந்தக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். ‘ஃபுல்’ என்று சொன்னதை நம்பாமல் கீழே வரை வாசியுங்கள். அந்த வரிக்கு நேரே ஒரு கோடு இருந்தால், எவ்வளவு கட்ட வேண்டும் என்று போன் எடுத்துக் கேளுங்கள். அப்பாவோ மாமாவோ ஏதாவது சங்கத்தில் இருந்தால், அதன் விதிப் புத்தகத்தையும் ஒருக்கால் கேட்டு வாங்கி வாசியுங்கள்.