பக்கத்திலேயே இதயநோய் நிபுணர் இருந்தும் பக்கவாதத்தில் இறந்த அதிபர்

1945 ஏப்ரல் 12. மதியம் ஒரு மணி வாக்கில். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர்.

அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஓர் ஓவியர் அவரை வரைந்துகொண்டிருக்கிறார். திடீர்னு பின்னந்தலையில் தாங்க முடியாத வலி என்கிறார். கொஞ்ச நேரத்தில் நினைவு போய்விடுகிறது.

விரைந்து வந்த டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கிறார். மேல் எண் 300ஐத் தாண்டி நிற்கிறது. கீழ் எண் 190.

மாலை 3.35க்கு உயிர் பிரிகிறது. காரணம், மூளையில் ரத்தக்கசிவு. வயது 63.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. பிபி பார்த்த அந்த டாக்டர் ஹோவர்ட் புரூயென், ஒரு இதயநோய் நிபுணர். ஓராண்டாக ரூஸ்வெல்ட்டைக் கவனித்துக்கொள்வதே அவருடைய வேலை.

உலகின் மிகச் சக்தி வாய்ந்த மனிதர். கூடவே ஒரு இதயநோய் நிபுணர். அப்படியிருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் நம்ம வீட்டு பிபி மாத்திரையின் வரலாறே இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. முழுசா படிச்சிடுங்க.

*

முதலில் ரூஸ்வெல்ட்டின் பிபி எண்களைப் பார்ப்போம்.

1935இல் 136/78.
1937இல் 162/98.
1941 பிப்ரவரியில் 188/105.

இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி பார்க்கும் செவிலியரிடம் இந்த மூன்று எண்களைக் காட்டினால், இரண்டாவது எண்ணிலேயே "டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார்.

அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிபரின் மருத்துவர் ராஸ் மெக்இன்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர். ரூஸ்வெல்ட்டுக்கு சைனஸ் தொல்லை அதிகம், அதனால் அப்படி ஒருவரை வைத்திருந்தார்கள்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பெரிய பெரிய டாக்டர்களே வயது ஏற ஏற பிபி ஏறுவது இயற்கை என்று நினைத்தார்கள். ரத்தக்குழாய்கள் இறுகும்போது, ரத்தத்தைத் தள்ளுவதற்காக உடம்பே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, அதில் கை வைத்தால்தான் ஆபத்து என்பது பலருடைய எண்ணம்.

அமெரிக்க இதயநோய் மருத்துவத்தின் தந்தைகளில் ஒருவரான பால் டட்லி ஒயிட்கூட 1930களில் வந்த தன் பாடநூலில் கிட்டத்தட்ட இதே சந்தேகத்தைத்தான் எழுதியிருந்தார். இவர் பெயரை ஞாபகம் வைச்சுக்கோங்க. பின்னாடி வருவார்.

"வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் உன் பிபி" என்று நம்ம ஊரில் இன்னமும் சொல்பவர்கள் இருக்காங்க இல்லையா? அந்தக் கணக்கெல்லாம் இந்தக் காலத்து எச்சம்தான்.

*

1944 மார்ச். ரூஸ்வெல்ட் இளைத்துப்போகிறார். இருமல். மூச்சு வாங்குகிறது. மகள் அன்னா கவலைப்பட்டு வற்புறுத்தியதால் பெதஸ்தா கடற்படை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கேதான் முப்பதுகளில் இருந்த டாக்டர் புரூயென் அவரை முதன்முதலாகப் பரிசோதிக்கிறார்.

உதடு நீலம் பாரித்திருக்கிறது. இதயம் வீங்கிப் பெரிதாகியிருக்கிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்த சத்தம். பிபி 186/108.

புரூயெனுக்குப் புரிந்துவிட்டது. வருடக்கணக்காக ஏறிக்கிடந்த பிபிக்கு எதிராகப் பம்பு அடித்து அடித்து இதயம் களைத்துவிட்டது. இதைத்தான் நாங்கள் இதயச் செயலிழப்பு என்கிறோம்.

டிஜிட்டாலிஸ் கொடுத்தார். உப்பைக் குறைத்தார். சிகரெட்டைக் குறைத்தார். ஓய்வு நேரத்தைக் கூட்டினார். நுரையீரல் தெளிந்தது. ரூஸ்வெல்ட் படுத்து நன்றாகத் தூங்கினார்.

ஆனால் பிபி? அது இறங்கவே இல்லை. நார்மண்டி படையெடுப்பு நடந்த சமயத்தில் 226/118 என்று பதிவாகியிருக்கிறது.

புரூயென் அடிக்கடி பிபி பார்க்கிறார், எழுதி வைக்கிறார். இறக்குவதற்கு அவரிடம் மருந்து இல்லை. தூக்க மருந்தையும் ஓய்வையும் தவிர கொடுக்க எதுவும் இல்லை. எண் ஏறுவதைப் பார்க்கத் தெரிந்தும், தடுக்க வழியில்லாமல் நிற்கும் ஒரு டாக்டரை நினைத்துப் பாருங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயைப் பற்றி அதிபரிடம் புரூயென் தானாகப் பேசக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ரூஸ்வெல்ட்டும் கேட்கவில்லை. "எனக்கு என்ன நோய்? இந்த மாத்திரை எதுக்கு? என் பிபி எவ்வளவு?" கடைசி வரைக்கும் ஒரு கேள்வி இல்லை. மெக்இன்டயரோ பத்திரிகைக்காரர்களிடம், வயதுக்கு ஏற்ற நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் நாலாவது முறையாகத் தேர்தலில் ஜெயித்தார். 1945 பிப்ரவரியில் ஸ்டாலினையும் சர்ச்சிலையும் சந்திக்க யால்டாவுக்குப் போனார். திரும்பி வந்து இரண்டே மாதம்.

அவருடைய மருத்துவக் கோப்பு பிறகு காணாமலே போய்விட்டது. 1970இல் புரூயென் தன் குறிப்புகளை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் இந்த எண்கள் எல்லாம் உலகத்துக்குத் தெரிய வந்தன.

ஆக, மூன்று விஷயங்கள் இல்லை. பிபி ஆபத்து என்ற அறிவு இல்லை. அதை இறக்க மருந்து இல்லை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே பேச்சு இல்லை.

இந்த மூன்றும் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

*

அறிவு வந்த கதை.

1948 ஜூன் 16. ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து வந்த அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதே ஆண்டு, பாஸ்டனுக்கு மேற்கே பிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஒரு ஆய்வு தொடங்குகிறது.

அதுவரைக்கும் மாரடைப்பு வந்த பிறகு நோயாளியை ஆராய்ந்தார்கள். இங்கே தலைகீழ். நோய் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, இவர்களில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று வருடக்கணக்காகப் பின்தொடர்வது.

5209 பேர். ஆலைத் தொழிலாளி, கடைக்காரர், ஆசிரியர், இல்லத்தரசி என்று எல்லாரும் சாதாரண மக்கள். பாதிக்கும் மேல் பெண்கள். இதயநோய் ஆண்களின் நோய் என்று நினைத்த காலத்தில் இது பெரிய விஷயம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து பிபி பார்த்து, ரத்தம் கொடுத்து, ஈசிஜி எடுத்துவிட்டுப் போவார்கள். தனக்கு உடனே ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்தும் வந்தார்கள். 1971இல் அவர்களுடைய பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2002இல் பேரப்பிள்ளைகள்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிபி அதிகம் இருந்தால் மாரடைப்பு அதிகம். கொலஸ்டிரால் அதிகம் இருந்தால் மாரடைப்பு அதிகம். சிகரெட்டும் அப்படியே. 1961இல் டாக்டர் வில்லியம் கேனலும் தாமஸ் டாபரும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை 'ஆபத்துக் காரணிகள்' என்ற எண்ணத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கு நாங்கள் ஓபியில் உட்கார்ந்து "சுகர் இருக்கா? சிகரெட் உண்டா? அப்பாவுக்கு அட்டாக் வந்திருக்கா?" என்று கேட்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கு.

1970இல் இன்னொன்று உறுதியானது. பக்கவாதத்துக்கும் முதல் எதிரி இதே பிபிதான். 1978இல் மற்றொன்று. இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு, அதாவது ஏட்ரியல் பிப்ரிலேஷன் இருப்பவர்களுக்கு, பக்கவாத ஆபத்து 5 மடங்குக்கும் மேல். இதயத்தின் மேல் அறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கிறது.

"பக்கவாதம் வந்தது மூளைக்கு, எதுக்கு எக்கோ எடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அடைப்பு மூளையில் என்றாலும், அது கிளம்பிய இடம் இதயமாக இருக்கலாம்.

*

மருந்து வந்த கதை.

இதில் நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் இங்கே காலம் காலமாக மருந்து. அதைப் பிபி நோயாளிகளுக்குக் கொடுத்து, முடிவுகளை முறையாகப் பதிவு செய்து, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டவர் பம்பாயைச் சேர்ந்த இதயநோய் நிபுணர் ருஸ்தம் ஜால் வகீல். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

1958இல் குளோரோதயசைடு வந்தது. சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றி பிபியை இறக்கும் மாத்திரை.

மருந்து வந்தும் சந்தேகம் போகவில்லை. எண் இறங்குது சரி, உயிர் பிழைக்குதா? இதைச் சோதித்துக் காட்டியவர் டாக்டர் எட்வர்ட் பிரெய்ஸ். 143 முன்னாள் ராணுவ வீரர்கள். கீழ் எண் 115 முதல் 129 வரை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு ரெசர்பின் உள்பட மூன்று மருந்துகள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை.

1967இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள். மருந்து சாப்பிட்டவர்களில்? 2 பேருக்கு.

27க்கு 2. இதைப் பார்த்த பிறகு பிபியைத் தொடக்கூடாது என்று பேச யாருக்கும் வாய் வரவில்லை. ரூஸ்வெல்ட் இறந்து 22 வருடம் ஆகியிருந்தது.

*

மூன்றாவது, பேச்சு வந்த கதை.

1955 செப்டம்பர் 24. கொலராடோவில் விடுமுறையில் இருந்த அதிபர் ஐசனோவருக்கு நள்ளிரவு தாண்டி நெஞ்சுவலி. காலையில் நாட்டுக்குச் சொல்லப்பட்ட செய்தி என்ன தெரியுமா? அஜீரணக் கோளாறு!

ஆமாங்க, "கேஸ் பிராப்ளம்"தான். வெள்ளை மாளிகையும் தப்பவில்லை. மதியத்துக்கு மேல் ஈசிஜி எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது.

பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்டவர் பால் டட்லி ஒயிட். அதே ஒயிட். அறிவு மாறினால் கருத்தை மாற்றிக்கொள்ளும் மனிதர் அவர். இப்போது வருமுன் காப்போம் என்று ஊர் ஊராகப் பேசுபவர். சைக்கிள் மிதிப்பவர்.

நிருபர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார். மாரடைப்பு என்றால் என்ன, எத்தனை வாரம் ஓய்வு, எப்போது நடக்கலாம், எடையும் உணவும் எப்படி. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்கினார். நாடே பாடம் படித்தது.

ஐசனோவர் வேலைக்குத் திரும்பினார். 1956இல் மறுபடியும் ஜெயித்தார். 1957இல் லேசான பக்கவாதம் வந்தது, அதிலிருந்தும் மீண்டார். முதல் மாரடைப்புக்குப் பிறகு 13 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

*

சரி, இது நமக்கு எதுக்கு?

அறிவு இப்போது நம்ம கையில் இருக்கு. மருந்தும் இருக்கு. புரூயென் கையில் இல்லாத அம்லோடிபின் மாத்திரையை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாங்க.

குறையாக இருப்பது மூன்றாவதுதான். பேச்சு.

"தலைசுத்தல் இல்லை, மயக்கம் இல்லை, எதுக்கு மாத்திரை?" என்று மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்துகிறோம். "பிபி நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்துகிறோம். நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். எங்க ஓபியில் கூட்டம் அதிகம், நேரம் குறைவு, அது உண்மைதான். அதனால்தான் கேள்வி உங்க பக்கத்திலிருந்து வரணும்.

என்ன கேட்கணும்?

என் பிபி எண் எவ்வளவு? எவ்வளவு இருக்கணும்?
இந்த மாத்திரை எதுக்கு? எத்தனை நாளைக்கு?
கால் வீக்கம், இருமல் மாதிரி தொந்தரவு வந்தால் வேறு மாத்திரை மாற்ற முடியுமா?
கொலஸ்டிரால், சுகர், கிட்னி எப்போது பார்க்கணும்?
என் நாடித்துடிப்பு சீராக இருக்கா?

30 வயது தாண்டிய எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பிபி பாருங்க. அறிகுறிக்காகக் காத்திருக்காதீங்க. ரூஸ்வெல்ட்டின் பிபி 162/98 ஆன 1937இல் அவர் நன்றாகத்தான் இருந்தார்.

முகம் கோணுது, ஒரு பக்கம் கை தொங்குது, பேச்சு குழறுது என்றால் 108ஐக் கூப்பிடுங்க. நெஞ்சுவலி என்றால் சோடா குடித்துப் பார்க்காமல் ஈசிஜி எடுங்க.

இந்த நோய்களைத் தடுப்பதில் டாக்டர் பாதி, நீங்க பாதி. பிரேமிங்ஹாம் மக்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து கை நீட்டியதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிந்தது. நாம் நீட்ட வேண்டியதும் அந்தக் கையை மட்டும்தான்.

நாளைக்குக் காலையில் அம்மா, அப்பாவின் பிபி நோட்டை எடுத்து, கடைசியாக எழுதிய எண்ணையும் தேதியையும் பாருங்க. தேதி பழசாக இருந்தால், கூட்டிக்கிட்டு வாங்க.