இன்சுலின்: பிரித்தெடுப்பும் காப்புரிமையும்

இன்சுலின், கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் பெப்டைடு ஹார்மோன். 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாக அமைந்த இது, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைச் செல்கள் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. கணையச் சாற்றின் மாசுகளிலிருந்து இதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் முறைகள் மேம்பட மேம்பட, நீரிழிவு சிகிச்சையும் மேம்பட்டது.

தொடக்கம்

1921 கோடையில் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில், ஜே. ஜே. ஆர். மெக்லியாடின் ஆய்வகத்தில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையச் சாற்றை ஆராய்ந்தனர். ஆண்டிறுதியில் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இவர்களுடன் சேர்ந்தார். 1922 ஜனவரி 11 அன்று நீரிழிவால் அவதிப்பட்ட 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்ஸனுக்குச் செலுத்திய முதல் சாறு போதிய பயன் தரவில்லை. அதிலிருந்த மாசுகளால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டானது. ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தினால் பிற புரதங்கள் முதலில் வீழ்படிவதையும், சுமார் 90 விழுக்காட்டை எட்டும்போது இன்சுலின் பிரிவதையும் காலிப் கண்டார். அவ்வாறு தூய்மையாக்கிய மருந்தை ஜனவரி 23 அன்று செலுத்தியதும் சிறுவன் தேறத் தொடங்கினான். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஒரு டாலர் காப்புரிமை

உயிர்காக்கும் மருந்தால் ஆதாயம் தேடுவது மருத்துவருக்குத் தகாது என்று கருதிய பான்டிங், காப்புரிமையில் தம் பெயரைச் சேர்க்க முதலில் இணங்கவில்லை. 1923 ஜனவரியில் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலருக்குத் தங்கள் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கொடுத்தனர். அமெரிக்கக் காப்புரிமை அவ்வாண்டு அக்டோபரில் வழங்கப்பட்டது. வேறு எவரும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முறையைத் தமதாக்கிப் பிறரைத் தடுக்காமல் இருக்கவும், தரமற்ற மருந்து சந்தைக்கு வராமல் இருக்கவுமே இந்த ஏற்பாடு.

பெருமளவு உற்பத்தி

1922 மே மாதம் இண்டியானாபொலிஸ் நகரின் எலி லில்லி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அங்கு ஜார்ஜ் வால்டன் சமமின்புள்ளியைப் பயன்படுத்தினார். கரைசலின் அமிலத்தன்மை குறிப்பிட்ட அளவை அடையும்போது இன்சுலின் மூலக்கூற்றின் நேர், எதிர் மின்சுமைகள் சமமாகி, அது கரையாமல் படிந்துவிடும். இதனால் மருந்தின் தூய்மையும் வீரியமும் பெருகின. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஷாஃபர் குழுவும் இதே வழியைத் தனியாகக் கண்டறிந்தது. லில்லி இம்முறைக்குக் காப்புரிமை கோரியபோது டொரான்டோவில் கவலை எழுந்தது; பொது நலனுக்காக விட்டுக்கொடுத்த மருந்து, அடுத்தடுத்த மேம்பாடுகளின் வழியே ஒரு நிறுவனத்தின் கையில் சிக்கக்கூடும் என்பது அப்போதே புலப்பட்டது.

1926இல் ஜான் ஜேக்கப் ஏபல் இன்சுலினைப் படிகமாக்கினார். படிகமாவதற்குத் துத்தநாகம் உதவுவதை 1934இல் டொரான்டோவின் டி. ஏ. ஸ்காட் காட்டினார்.

வண்ணப்பிரிகை

ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் 1941இல் வெளியிட்ட, கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் பங்கீட்டு வண்ணப்பிரிகை முறை, அமினோ அமிலங்களைப் பிரித்தறிய வழிகாட்டியது. ஃபிரெடெரிக் சேங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையை முழுமையாகக் கண்டறிய இத்தகைய முறைகளே துணைநின்றன. அதற்காக 1958இல் அவர் நோபல் பரிசு பெற்றார். திரும்பத் திரும்பப் படிகமாக்கிய இன்சுலினிலும் அதன் முன்னோடியான புரோஇன்சுலின் முதலிய மாசுகள் எஞ்சுவதைப் பிற்காலத்தில் வண்ணப்பிரிகை காட்டிக்கொடுத்தது. நோயாளிகளின் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாக அவையும் காரணம். இதையடுத்து, வண்ணப்பிரிகையால் மேலும் தூய்மையாக்கிய இன்சுலினை டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1973இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மரபணுப் பொறியியல்

1978இல் கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையமும் ஈ. கோலை பாக்டீரியாவில் மனித இன்சுலினின் இரு சங்கிலிகளையும் தனித்தனியே உருவாக்கி இணைத்தன. லில்லி தயாரித்த ஹியூமுலின் 1982 அக்டோபரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. மரபணு மறுசேர்க்கையால் உருவாகி ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவே. பாக்டீரியா புரதங்களிலிருந்து இதைப் பிரிக்கவும் வண்ணப்பிரிகையே கைகொடுக்கிறது. இரு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, விரைவில் செயல்படும்படி ஆக்கிய லிஸ்ப்ரோ 1996இல் வந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றது. நீண்ட நேரம் செயல்படும்படி மூலக்கூறு மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின்கள் 2021இல் அப்பட்டியலில் சேர்ந்தன.