கிரெஸ்ஸி மரப்படகும் ஒரு சங்கத்தின் வரலாறும்

பழுதுற்ற பொருளைக் கண்டவுடன் விறகென்று ஒதுக்குதல் உலக வழக்கம். அதனைச் செப்பனிட்டுப் பயன்கொள்வார் சிலரே. அச்சிலர் செய்யும் சிறு காரியம் சில சமயங்களில் ஒரு தேசத்தின் பெருஞ்செல்வத்தையே காத்துவிடுகின்றது. இங்கிலாந்தில் ஒரு தம்பதிகள் பழைய மரப்படகொன்றைப் புதுப்பித்ததனால் விளைந்த சரித்திரம் இதற்குத் தக்க சான்று. சங்கத்தவராகிய நாம் சிந்திக்கத்தக்க செய்திகள் அதில் பல உளவாதலின், அதனைச் சுருக்கி ஈண்டு வரைகின்றோம்.

இருப்புப்பாதை தோன்றுமுன் அந்நாட்டில் நிலக்கரியும் தானியமும் பெரும்பாலும் கால்வாய் வழியே சென்றன. மத்திய பிரதேசக் கால்வாய்களின் லாக்குகள் மிகக் குறுகியவை. அதனால் படகுகளும் ஏறக்குறைய 70 அடி நீளமும் 7 அடி அகலமுமாகவே அமைந்தன. அவற்றைக் குதிரை இழுத்துச் செல்லும். படகோட்டி தன் மனைவி மக்களோடு பின்புறத்துச் சிற்றறையிலேயே குடித்தனம் நடத்துவான். ரயில் வந்தபின் இவ்வர்த்தகம் தேய்ந்தது. கால்வாய்கள் தூர்ந்தன.

அத்தகைய படகுகளுள் ஒன்றே கிரெஸ்ஸி. வேல்ஸ் நாட்டில் டிரெவர் என்னுமிடத்தில் கட்டப்பெற்று, ஓர் ஆலைக்குத் தானியம் சுமந்து உழைத்தது. பின்னர் கைல் வில்லன்ஸ் என்பார் அதனை வாங்கி, முதலில் நீராவி யந்திரமும், அதன்பின் போர்ட் மோட்டார் யந்திரமும் பொருத்தினார். அவருக்கு உறவினரும், யந்திரத் தொழில் பயின்றவருமான எல். டி. ஸி. ரோல்ட் என்னும் வாலிபர் அவரிடமிருந்து அதனைப் பெற்றார்.

ரோல்டும் அவர் மணக்க விரும்பிய ஆஞ்செலா என்னும் நங்கையும் அப்படகையே தம் இல்லமாகக் கொள்ளத் துணிந்தனர். பெண்ணின் தந்தையார் இம்மணத்திற்கு இசைந்தாரில்லை. ஆயினும் அவர்கள் உறுதி தளரவில்லை. ஆக்ஸ்போர்ட் கால்வாயின் கரையில் பான்பரி என்னும் ஊரில் டூலி குடும்பத்தாரின் படகுத் தொழிற்சாலை இருந்தது. தந்தையும் மக்களுமாக வழிவழி வந்த தொழிலறிவுடைய அவர்களிடம் கிரெஸ்ஸி செப்பனிடப்பெற்றது.

மரப்படகைச் செப்பனிடுதல் எளிதன்று. படகை உலர்துறையில் ஏற்றி நீரை வடித்து, உளுத்த பலகைகளைக் கழற்றி, அடிக்கு எல்ம் மரமும் பக்கங்களுக்கு ஓக் மரமும் இடுவர். பலகை இடுக்குகளில் நார் திணிப்பர். கீலும் குதிரைச் சாணமும் மாட்டு மயிரும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைப் பூசுதலும் பழைய முறை. கிரெஸ்ஸியின் உள்ளே, சரக்கிருந்த இடத்தில் படுக்கையறை, சமையலறை, குளியல் தொட்டி முதலியன அமைந்தன. 1939-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இருவரும் விவாகம் செய்துகொண்டு, அம்மாத இறுதியிலேயே பான்பரியினின்று புறப்பட்டனர்.

சில வாரங்களில் மகாயுத்தம் மூண்டது. 1941 முதல் ஐந்தாண்டுகள் டார்டிபிக் என்னுமிடத்தில் படகை நிறுத்தி வாழ்ந்தனர். தம் பிரயாணத்தையும் அழிந்துவரும் படகோட்டிகளின் வாழ்க்கையையும் விவரித்து ரோல்ட் எழுதிய நூல் 1944-இல் வெளியாயிற்று. அதனைப் படித்த ராபர்ட் ஐக்மன் என்பார் 1945-இல் அப்படகிற்கே வந்து அளவளாவினார். அச்சந்திப்பின் பயனாக 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. ஐக்மன் தலைவர், ரோல்ட் கௌரவக் காரியதரிசி.

சங்கம் வெறும் தீர்மானங்களோடு நிற்கவில்லை. ஸ்ட்ராட்போர்ட் கால்வாயில் லிபோர்ட் என்னுமிடத்துப் பாலத்தை உயர்த்த இயலாதபடி ரயில்வே கம்பெனியார் அமைத்துவிட்டனர். படகு செல்லும் உரிமை சட்டப்படி அழியாதிருந்தமையால், 1947-இல் ரோல்ட் முன்னறிவிப்புக் கொடுத்துக் கிரெஸ்ஸியை அவ்வழியே செலுத்தினார். கம்பெனியார் பாலத்தைத் தூக்கி வழிவிட நேர்ந்தது. 1949-இல் தம்பதிகள், டெல்போர்ட் என்னும் பொறியாளர் பெயர் விளங்க 1805-இல் முடிவுற்ற பாண்ட்கஸுல்தெ நீர்ப்பாலத்தின்மீதும் அப்படகைச் செலுத்தினர். கிரெஸ்ஸி பிறந்த டிரெவர் அதன் அருகிலேயே உள்ளது.

இனி, துயரமான பகுதி. எந்தக் கால்வாயையும் கைவிடலாகாது என்றார் ஐக்மன். காக்கக்கூடியவற்றை முதலில் காத்து, படகோட்டிகளின் தொழிலையும் பேணவேண்டும் என்றார் ரோல்ட். வேற்றுமை பகையாக முற்றி, 1951-இல் ரோல்டும் அவரோடு ஒத்த சிலரும் சங்கத்தினின்று நீக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே கிரெஸ்ஸியின் மரம் இனிச் செப்பனிட இயலாதபடி கெட்டதென்று கண்டனர். தம்பதிகளும் பிரிந்தனர். ஒரே ஆண்டில் இல்லமும் இல்லறமும் தாம் கண்ட சங்கமும் ஒருவரை விட்டு நீங்கின!

அவர் சோர்ந்தாரில்லை. அதே 1951-இல் வேல்ஸ் நாட்டு டாலிலின் சிறு ரயில்பாதையைத் தொண்டர்களைக் கொண்டு காக்கும் பணியை ஏற்று நடத்தினார். 1974-இல் காலமானார்.

இருவருள் யார் சொல் மெய்யாயிற்று? தென் ஸ்ட்ராட்போர்ட் கால்வாய் 1964-இலும், கென்னட்-ஏவன் கால்வாய் 1990-இலும் மீண்டும் திறக்கப்பட்டன. ஒன்றையும் விடலாகாதென்ற ஐக்மனின் பிடிவாதம் பலித்தது. ஆயின் 1963-இன் கடும்பனிக்குப் பின் சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் மாய்ந்தது. ரோல்ட் அஞ்சியதும் நிகழ்ந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. இருவரும் ஒருங்கிருந்திருப்பின் இரண்டையும் காக்க முயன்றிருக்கலாம்.

அன்பர்களே! உளுத்த பலகையை மாற்றும் தச்சன் படகையே உடைப்பதில்லை. மாறுபட்ட கருத்தினரை வெளியேற்றும் சங்கம் உளுக்காத பலகையையும் பெயர்த்தெறிகின்றது. இன்று பான்பரியில் டூலி தொழிற்சாலையின் அருகே ஒரு பாலம் ரோல்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உயிரோடிருக்கையில் நீக்கிப் பின்னர்ப் பெயர் பொறிப்பதினும், உடனிருக்கையிலேயே பேசித் தெளிதல் நன்று. நம் சங்கத்தின் கூட்டங்களிலும் நம் குடும்பங்களிலும் இதனை நினைவிற் கொள்வோமாக.