பீட்டில்ஸ் குழுவின் மாதிரிப் பதிவும் பாடல் உரிமையும்

புதிய இசைக்குழுவினர் தங்கள் திறமையைக் காட்ட இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அளிக்கும் பதிவு மாதிரிப் பதிவு அல்லது டெமோ எனப்படும். அப்படிக் கொடுக்கும்போது பாட்டை யாராவது திருடிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. லிவர்பூல் நகரின் பீட்டில்ஸ் குழுவுக்கு நேர்ந்தது வேறு. அவர்களது பாடல்களை எவரும் திருடவில்லை. எழுதியவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

1962 சனவரி 1 அன்று லண்டனில் டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் 15 பாடல்களைப் பாடினர். அவற்றுள் 3 மட்டுமே ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதியவை. டெக்கா அவர்களை ஏற்கவில்லை. மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அந்த ஒலிநாடாவுடன் பிப்ரவரியில் ஆக்சுபோர்டு தெருவிலிருந்த எச்.எம்.வி. கடைக்குச் சென்று, கேட்பவர்களுக்கு எளிதாகப் போட்டுக்காட்ட இசைத்தட்டுகளாக மாற்றிக்கொண்டார். தட்டு வெட்டிய பணியாளர் ஜிம் ஃபாய், சில பாடல்கள் இளைஞர்களின் சொந்த ஆக்கம் என்று அறிந்து, அதே கட்டடத்தின் மேல்மாடியிலிருந்த ஆர்ட்மோர் அண்டு பீச்வுட் என்ற இசைப் பதிப்பகத்தின் சிட் கோல்மனிடம் சேதி சொன்னார். அந்த வழியில்தான் எப்ஸ்டீன் பார்லபோன் நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டினைச் சந்தித்தார். கதவைத் திறந்தவை அந்த 3 சொந்தப் பாடல்களே எனலாம்.

இசைப் பதிப்பகம் என்பது நூல் அச்சிடும் நிறுவனம் அன்று. ஒரு பாடலை வானொலி ஒலிபரப்பினாலும் வேறொருவர் பாடிப் பதிவு செய்தாலும், அதற்குரிய தொகையை வசூலித்து எழுதியவருடன் பங்கிட்டுக்கொள்வது அதன் தொழில். பாடல் எழுத்தில் அல்லது ஒலிப்பதிவில் அமைந்தவுடனேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிவிடும். பிரித்தானியச் சட்டத்தில் அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த உரிமையை எழுத்து மூலம் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம். சிக்கல் இங்கேதான்.

முதல் இசைத்தட்டுக்குப் பதிப்பகம் போதிய விளம்பரம் செய்யவில்லை என்று கருதிய எப்ஸ்டீன், டிக் ஜேம்ஸ் என்ற பதிப்பாளரை நாடினார். 1963 பிப்ரவரியில் நார்த்தர்ன் சாங்ஸ் நிறுவனம் உருவானது. அதில் ஜேம்சுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் பாதிப் பங்கு. லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் ஆளுக்கு 20 விழுக்காடு. எப்ஸ்டீனுக்கு 10 விழுக்காடு. அப்போது லெனனுக்கு வயது 22, மெக்கார்ட்னிக்கு 20. தங்கள் பெயரில் ஒரு நிறுவனம் என்ற மகிழ்ச்சியில், அது தங்கள் கையில் இல்லை என்பதை உணரும் வயதன்று.

1965இல் நிறுவனப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1969இல் ஜேம்ஸ், பாடலாசிரியர்களிடம் முதலில் கேட்காமலே, தம் பங்குகளை ஏ.டி.வி. நிறுவனத்துக்கு விற்றார். லெனனும் மெக்கார்ட்னியும் மீட்க முயன்று தோற்றனர். எழுதியவர்கள் என்ற முறையில் அவர்களுக்கு உரிமத்தொகை தொடர்ந்து வந்தது. பாடல்கள் மீதான ஆட்சிதான் போயிற்று. 1985இல் மைக்கேல் ஜாக்சன் 4 கோடியே 75 இலட்சம் டாலருக்கு அந்தப் பாடல் தொகுப்பை வாங்கினார். பாடல் உரிமையின் மதிப்பை அவருக்கு முன்பு எடுத்துச் சொன்னவரே மெக்கார்ட்னி என்பது வேடிக்கை.

1978க்கு முந்தைய ஆக்கங்களை 56 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் மீட்டுக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதன்படி 2017 சனவரியில் மெக்கார்ட்னி வழக்குத் தொடுத்தார். சோனி ஏ.டி.வி. நிறுவனத்துடனான அவ்வழக்கு அதே ஆண்டில் சமரசமாக முடிந்தது. அதன் விதிமுறைகள் வெளியிடப்படவில்லை.