ஆடுகள் துரத்திய ஊர்

வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் குன்றுகளுக்கு நடுவே ஒரு மேய்ச்சல் நிலம். பள்ளத்தாக்கில் கூரை போன சர்ச் ஒன்று. அக்கம்பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. அவ்வளவுதான்! ஆனால், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால்... புல்தரை முழுக்க நீளநீளமாக மேடுகளும் பள்ளங்களும் தெரியும். வீட்டு மனைகள், தெரு, கொல்லைப்புறம்... ஒரு முழு ஊரே புல்லுக்குக் கீழே படுத்திருக்கிறது. பெயர் வாரம் பெர்ஸி.

1948-ல் அங்கே போய் நின்ற மாரிஸ் பெரஸ்ஃபோர்டு தொல்லியல்காரர் இல்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லித்தந்த வாத்தியார். பழைய வரிக் கணக்குகளைப் புரட்டியவருக்கு ஒரு சந்தேகம்... ஏட்டில் இருக்கிற இத்தனை ஊர்கள் மேப்பில் ஏன் இல்லை? 'அழிந்த கிராமங்களா? இங்கிலாந்தில் அதெல்லாம் அபூர்வமாச்சே!' என்று பெரிய அறிஞர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1950-ல் மனிதர் தானே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். 1952-ல் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியல் நிபுணர் கைகோத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி வெட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு வீட்டு மனையை முழுசாகத் திறந்து, மண்ணை மெல்ல மெல்ல வழித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு 1990 வரை கோடைதோறும் இருவரும் அங்கே ஆஜர்!

கிரீடமோ தங்கப் புதையலோ கிடைக்கவில்லை. உடைந்த சட்டி, எலும்புத் துண்டு, இரும்புப் பூட்டு, சாவி... இவைதான். குடியானவன் வீட்டில் பூட்டு எதற்கு? பூட்டிவைக்க ஏதோ இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! நீளமான வீடு. ஒரு கோடியில் மனிதர்கள், மறு கோடியில் மாடுகள். சிலர் கடல்மீன்கூடச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இடுகாட்டில் சுமார் 700 எலும்புக்கூடுகள். குழந்தைகளின் எலும்பில் இருக்கும் நைட்ரஜனை ஆராய்ந்து, 'இவர்கள் சுமார் ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் குடித்தவர்கள்' என்று சொல்லிவிட்டார்கள். எந்த ராஜாவின் சரித்திரத்தில் இந்தத் தகவல் வரும், சொல்லுங்கள்!

சரி, ஊர் எப்படிக் காலியானது? எல்லோரும் கை நீட்டியது பிளேக் நோயை. 1348-49-ல் இங்கிலாந்தையே சூறையாடிய கொள்ளைநோய். வாரம் பெர்ஸியும் அடி வாங்கியது. ஆனால் சாகவில்லை. 1368-ல் அங்கே சுமார் 30 வீடுகள் இருந்தன. 1458-லும் 16 வீடுகளில் அடுப்பு எரிந்தது.

நிஜக் குற்றவாளி... செம்மறி ஆடு! பிளேக்குக்குப் பிறகு சாப்பிட ஆளில்லை, தானிய விலை சரிந்தது. வேலைக்கும் ஆளில்லை, கூலி ஏறியது. கம்பளிக்கோ நல்ல காசு. உழ, விதைக்க, அறுக்க ஊரே வேண்டும். ஆடு மேய்க்க ஒரே ஒரு ஆள் போதும்! நிலப்பிரபுவுக்கு இந்தக் கணக்கு புரிய ரொம்ப நாள் ஆகுமா? 1500 வாக்கில் மிச்சமிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. 1517-ல் அரசாங்கம் விசாரித்தபோது பதிவானது இதுதான்: நான்கு வீடுகள் இடிக்கப்பட்டன, நான்கு ஏர்கள் நின்றன. அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி இல்லை.

இதில் ஒரு விநோதம். ஆடு வந்ததால் கலப்பை போனது. கலப்பை படாததால் அந்த மேடு பள்ளங்கள் கலையாமல் இருந்தன. தொடர்ந்து உழுதிருந்தால் பெரஸ்ஃபோர்டுக்குப் பார்க்க என்ன இருந்திருக்கும்?

சர்ச் மட்டும் விடாமல் கதை சொல்கிறது. ஜனம் பெருகியபோது பக்கவாட்டில் இடித்துப் பெரிதாக்கினார்கள். குறைந்தபோது அதே பக்கங்களை இடித்து, வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஊரில் ஆளே இல்லாத பிறகும், பக்கத்து ஊர்க்காரர்கள் குன்று ஏறி இறங்கி அங்கே வந்து கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்... நூற்றாண்டுக்கணக்கில்!